அறுபது வெள்ளிக்கு ஏழு பவுன்

மலாயாவின் தோட்டக் கணக்குகளுக்கெல்லாம் அடியில் ஒரு காலத்தில் ஒரே ஒரு சமன்பாடு கிடந்தது: அறுபது வெள்ளிக்கு ஏழு பவுன். 1906-இல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிப்போட்டார்கள். போர் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், போனான், சுதந்திரம் வந்தது. அந்த விகிதம் மட்டும் 1967 வரை அசையவில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 347 வெள்ளியைப் பவுனாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளி 28 பென்ஸ். பெருக்கினால் 9,716 பென்ஸ். ஒரு பவுன் 240 பென்ஸ். வகுத்தால் 40 பவுன், மீதி 116. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதால் அந்த மீதி 9 ஷில்லிங் 8 பென்ஸ் ஆகிறது. ஒரு வரிக்கே இவ்வளவு. லண்டன் கம்பெனித் தோட்டங்களின் மாத அறிக்கையில் இப்படி எத்தனையோ வரிகள். லண்டனில் பங்குக்காரர்கள் இல்லாத தோட்டங்களுக்கும் இங்கிலாந்திலிருந்து வரும் இயந்திரத்தின் பில் பவுனில்தான் வரும்.

மின்னணுக் கணக்கு இயந்திரம் மலேசியாவுக்கு வந்த கதையை டிரான்சிஸ்டரில் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அதை இந்தக் கணக்கில் தொடங்குவதுதான் நியாயமாகப் படுகிறது. இயந்திரம் பிறப்பதற்கு முன்பே அதற்கான வேலை தோட்டத்து ஆபிசில் குவிந்து கிடந்தது.

கேமரன் மலையை 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு எழுதி வைத்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அந்த மலையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தோட்டம் நடத்திப் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் சாலை 1930-களின் தொடக்கத்தில் திறந்தது. 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காடு அழித்து, சரிவுகளில் செடி நட்டு, பிறகு கொழுந்து கிள்ளியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ஆபிசில் உட்கார்ந்து எழுதியவர்களிலும் தமிழ்நாட்டுத் தமிழர் உண்டு. ஆனால் மலாயாத் தோட்டக் கிராணிமாரில், அதாவது எழுத்தர்களில், யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அதிகம். ஆங்கிலப் பள்ளிக்கூடம் அவர்கள் ஊர்களுக்கு முந்தி வந்ததன் பலன் அது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் ஆபிசுக்கும் இடையே நூறு கஜம்தான் இருக்கும். அந்த நூறு கஜத்தைக் கணக்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு நிரப்பியிருந்தது.

செக்ரோல் புத்தகத்தைப் பார்த்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: இடப்பக்கம் ஆள் பெயர், வலப்பக்கம் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். காலையில் பிரட்டில், அதாவது ஆட்கள் திரளும் இடத்தில், பேர் போடுவார்கள். கொழுந்து நிறுத்தபின் அன்றைய ராத்தலைக் கட்டத்தில் எழுதுவார்கள். மாதக் கடைசியில் ராத்தலைக் கூட்டி விலையால் பெருக்க வேண்டும். அரிசி, முன்பணம், 1951-க்குப் பிறகு ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு ஐந்து என்று கழிக்க வேண்டும். 200 பேர் உள்ள தோட்டம் என்றால் மாதத்துக்கு 6,000 கட்டங்கள். குறுக்கே கூட்டிய தொகையும் நெடுக்கே கூட்டிய தொகையும் கடைசிக் கட்டத்தில் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். ஐந்து காசு உதைத்தால் முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். சம்பள நாளுக்கு முந்திய இரவுகளில் ஆபிஸ் விளக்கு அணையாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கருவிகள் இல்லாமல் இல்லை. விலைப் பெருக்கம் அச்சடித்த ரெடி ரெக்கனர் புத்தகம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் பல் சக்கரம் உருண்டு பெருக்கித் தரும் ஒட்னர், ஃபேசிட் இயந்திரங்கள் உலகமெங்கும் ஆபிஸ்களில் இருந்தன. பெரிய கம்பெனிகளில் வரிசை வரிசையாகச் சாவிகள் வைத்த காம்ப்டோமீட்டர். அதைத் தட்டப் பயிற்சி பெற்ற பெண்கள் தனி ஜாதியாக மதிக்கப்பட்டார்கள். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் சீனர் கடையில் செம்போவா மணிச்சட்டம். அதை யாரும் இளக்காரமாக எண்ண வேண்டாம். 1946 நவம்பரில் டோக்கியோவில் ஒரு போட்டி நடந்தது. அமெரிக்கப் படைவீரர் தாமஸ் வுட் மின்சாரக் கணக்கு இயந்திரத்துடன் உட்கார்ந்தார். ஜப்பானிய அஞ்சல் துறை ஊழியர் கியோஷி மட்சுசாகி மணிச்சட்டத்துடன் உட்கார்ந்தார். ஐந்து சுற்றில் நான்கை மணிச்சட்டம் வென்றது. இயந்திரம் பெருக்கலில் மட்டும் ஜெயித்தது. தோட்டத்துக் கணக்கின் பெரும்பகுதி பெருக்கல் அல்ல, கூட்டல்தான் என்பதை இங்கே மறந்துவிடக்கூடாது.

பல் சக்கரம் இல்லாமல் மேசை மேலேயே கணக்குப் போடும் முதல் மின்னணு இயந்திரம் 1961-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. பெயர் அனிட்டா. செய்தது பெல் பஞ்ச் கம்பெனி. டிராம் வண்டியில் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி செய்து பிழைத்த கம்பெனி அது. அனிட்டாவுக்குள் எண்ணியது டிரான்சிஸ்டர் அல்ல. வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல்கள்தான் எண்ணின. சத்தமே இல்லை என்பதுதான் அதைப் பார்த்தவர்களை மலைக்க வைத்தது. கடகடவென்று ஓடிய ஆபிசில் அமைதியாக விடை வந்து நின்றது.

டிரான்சிஸ்டரின் முறை அடுத்து வந்தது. கலிபோர்னியாவில் ஃப்ரைடன் கம்பெனி இ.சி. 130 என்ற இயந்திரத்தை 1963-இல் காட்டியது. 1964 ஜப்பானின் ஆண்டு. ஒசாகாவில் ஹயகாவா எலெக்ட்ரிக், அதாவது பின்னாளில் ஷார்ப், காம்பெட் சி.எஸ். 10ஏ-வைக் கொண்டுவந்தது, அதே ஆண்டு கேனான் தன் கேனோலா 130-ஐ. ஹயகாவா தோகுஜி அரை நூற்றாண்டுக்கு முன் திருகினால் முனை வெளிவரும் உலோகப் பென்சில் செய்து பெயர் வாங்கியவர். ஷார்ப் என்ற பெயரே அந்தப் பென்சிலிலிருந்து வந்தது. கிராணியின் காதில் செருகிய பென்சிலை ஓய்வுபெறச் செய்ய வந்த இயந்திரம் பென்சில்காரர் வீட்டிலிருந்தே வந்தது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

காம்பெட் இயந்திரத்துக்குள் 530 டிரான்சிஸ்டர்கள், 2,300 டையோடுகள். விடை 20 இலக்கம் வரை. விலை 5,35,000 யென். அந்தப் பணத்துக்கு அன்று ஜப்பானில் ஒரு சிறு கார் வாங்கலாம். அன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிட்டால் நம்முடைய வெள்ளியில் சுமார் 4,550. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஒற்றை இலக்கத்தைத் தாண்டாத காலம் அது. நாளுக்கு ஐந்து வெள்ளி என்று தாராளமாகவே வைத்தாலும் 910 நாள் கூலி. எடை 25 கிலோ. கையால் கொழுந்து கிள்ளும் பெண் ஒரு நல்ல நாளில் நிறுவைக்குக் கொண்டுவருவதும் இருபது, இருபத்தைந்து கிலோதான்.

உள்ளே என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். இரண்டு டிரான்சிஸ்டர்களை எதிரும் புதிருமாகக் கட்டினால் ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். தட்டினால் மாறும், மறுபடி தட்டும்வரை அப்படியே நிற்கும். இப்படி நான்கு சோடி இருந்தால் ஒரு இலக்கத்தை நினைவில் வைக்கலாம். இலக்கம் ஏற ஏற டிரான்சிஸ்டர் ஏறும், விலை ஏறும். ஃப்ரைடன் கம்பெனி இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. சுருட்டி வைத்த கம்பியின் ஒரு முனையில் துடிப்புகளை அனுப்பினால் அவை மறுமுனைக்கு வந்துசேரச் சற்று நேரமாகும். அந்த நேரம் முழுக்க எண் கம்பிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்து சேர்ந்ததும் பிடித்து மறுபடி முதல் முனையில் விட்டுவிட்டால் எண் மறந்துபோகாது. ஓடிக்கொண்டே இருப்பதால் மட்டுமே உயிரோடு இருக்கும் நினைவு. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது.

காம்பெட்டின் டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தால் ஆனவை. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதில் கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிக்கும். கசிவு அதிகமானால் மூடியிருக்க வேண்டியது திறந்ததாகத் தெரியும், ஏழு எட்டாகும். கோலாலம்பூர் வெயிலுக்கு இது ஒவ்வாத பொருள். கடல் மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கு மேல் கம்பளி போர்த்திக்கொள்ளும் குளிரில் இருந்த தோட்டத்து ஆபிஸ்தான் இந்த இயந்திரத்துக்கு ஏற்ற வீடு. ஈரமும் பூசணமும் வேறு கதை; சாவிகளின் தொடுமுனைகளை அவை விட்டுவைக்காது.

மின்சாரமும் மலையிலேயே பிறந்தது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் முடிந்தது. ஹபுவிலும் ராபின்சன் அருவியிலும் நீர்மின் நிலையங்கள் வந்தன. போ தோட்டத்துக்குப் போகும் வழியில்தான் ஹபு.

இன்னொரு பொருத்தமும் இருந்தது. முதல் மின்னணு இயந்திரங்கள் பத்துப் பத்தாக எண்ணும் வகையில் கட்டப்பட்டவை. இங்கிலாந்தின் பணமோ பன்னிரண்டும் இருபதுமாக ஏறும். அதற்கென்று ஷில்லிங், பென்ஸ் சாவிகள் வைத்த தனி வகைக் காம்ப்டோமீட்டர்களைச் செய்யவேண்டி இருந்தது. 1971 பிப்ரவரி 15 அன்றுதான் பிரிட்டன் நூறு பென்ஸுக்கு மாறியது. மலாயாவின் வெள்ளியோ எப்போதும் நூறு காசுதான். குடியேற்ற நாட்டின் சில்லறை, ஆண்ட நாட்டின் சில்லறையைவிடப் புது இயந்திரத்துக்கு இணக்கமாக இருந்தது.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் அந்த 25 கிலோ இயந்திரம் போய்ச் சேர்ந்த இடம் மலை இல்லை. இருந்த இடம் வங்கி, காப்புறுதிக் கம்பெனி, ஆய்வுக்கூடம், நகரத்துத் தலைமை ஆபிஸ். காரணம் விலை மட்டும் இல்லை. ஆரம்ப கால மின்னணு இயந்திரங்கள் விடையைக் காட்டின, அச்சடிக்கவில்லை. 200 வரிகளைக் கூட்டும்போது 143-ஆவது வரியில் 36-க்குப் பதில் 63 தட்டிவிட்டால், பின்னால் போய்ப் பார்க்கக் காகிதம் இல்லை. பழைய கூட்டல் இயந்திரம் மெதுவானது, சத்தமானது. ஆனால் தட்டியதெல்லாம் சுருளில் வந்து நிற்கும். சிவப்புப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வரலாம். கணக்கில் வேகத்தைவிடத் தடயம் பெரிது என்பது கிராணிக்குத் தெரியும். இயந்திரம் செய்தவர்களுக்கு அது பிறகுதான் புரிந்தது.

1967 வந்தது. ஜூன் 12 அன்று பேங்க் நெகாரா மலேசியாவின் புதிய வெள்ளி நோட்டை வெளியிட்டது. பழைய நோட்டும் கூடவே செல்லுபடியானது. நவம்பர் 18 அன்று பிரிட்டன் பவுனின் மதிப்பை 2 டாலர் 80 செண்டிலிருந்து 2 டாலர் 40-க்கு இறக்கியது. புதிய வெள்ளி அதோடு சேர்ந்து இறங்கவில்லை. பவுனோடு கட்டப்பட்டிருந்த பழைய வெள்ளி இறங்கியது. ஒரே இரவில் பழைய ஒரு வெள்ளி 85 காசானது. அறுபதுக்கு ஏழு என்ற சமன்பாடு அதோடு செத்தது. ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 7 வெள்ளி 35 காசு என்று எழுத வேண்டியதாயிற்று.

முன்பு சொன்ன 347 வெள்ளி பழைய நோட்டாக ஒருவர் கையில் இருந்திருந்தால் மறுநாள் அது 294 வெள்ளி 95 காசு. வங்கியில் போட்டவர்களைவிட, தகரப்பெட்டியிலும் தலையணை உறையிலும் சேர்த்து வைத்தவர்களுக்குத்தான் இந்த அடி. பினாங்கில் நவம்பர் 24 அன்று கடையடைப்பு நடந்தது, அது கலவரமாக முடிந்தது. வங்கியில் இருந்த எந்த இயந்திரத்துக்கும் 0.85-ஆல் பெருக்குவது ஒரு நொடி வேலை. பாதிக்கப்பட்டவர்களில் அந்தப் பெருக்கலைத் தாங்களே போட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அடுத்து 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் வாங்க வேண்டும் என்றது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டுக் கப்பலேறினார்கள். பல தலைமுறை உழைத்தவர்களின் பெயர்கள் செக்ரோலிலிருந்து சிவப்புக் கோட்டில் வெட்டுப்பட்டன. கூட்டவேண்டிய வரிகள் குறைந்தன. இதைக் கணக்கு இயந்திரத்தின் கதையில் ஏன் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். இயந்திரம் சுருங்கிய அதே ஆண்டுகளில் செக்ரோலும் சுருங்கியது. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் இரண்டுமே பாதிதான்.

இயந்திரம் சுருங்கியது வேகமாக நடந்தது. 1969-இல் ஷார்ப் க்யூ.டி. 8டி: நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் நான்கு சில்லுகள், விலை ஒரு லட்சம் யென்னுக்குக் கீழ். பிசிகாம் என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனி தன் கணக்கு இயந்திரத்துக்குச் சில்லு செய்து தரும்படி அமெரிக்காவில் இன்டெல் என்ற இளம் கம்பெனியைக் கேட்டது. அந்தக் கோரிக்கையிலிருந்து 1971-இல் பிறந்ததுதான் 4004, கடையில் வாங்கக் கிடைத்த முதல் நுண்செயலி. 1972-இல் காசியோ மினி 12,800 யென்னுக்கு வந்தது. நம் பணத்தில் 120 வெள்ளிக்குள். எட்டே ஆண்டில் 4,550 வெள்ளி 120 வெள்ளியாயிற்று. முன்னது 20 இலக்கம், பின்னது ஆறு இலக்கம் என்பது உண்மைதான். செக்ரோலின் ஒரு வரிக்கு ஆறு இலக்கம் போதும்.

அதே 1972-இல் இந்தப் பயணம் ஒரு சுற்றுச் சுற்றி நம் வாசலுக்கே வந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. முதலமைச்சர் லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளை வீடுவீடாகப் போய் அழைக்காத குறையாக அழைத்தார். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் போட்டது. அமெரிக்காவில் செய்த சில்லுகள் இங்கே வரும். தலைமயிரைவிட மெல்லிய பொன் கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்துப் பார்த்துச் சில்லோடு பிணைக்க வேண்டும். அந்த வேலையை நாள் முழுக்கச் செய்தவர்கள் இளம்பெண்கள்: மலாய்க் கம்பத்துப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். விரல் நுனியின் வேகத்துக்குக் கூலி என்பது தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதிய விஷயம் இல்லை.

மலைக்கு ஏறியது இந்தச் சின்ன இயந்திரம்தான். மேசை டிராயரில் அடங்கும், பேட்டரியில் ஓடும், விழுந்து உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். அது ஏறிய நேரத்தில் மலேசியா இன்னொரு மாற்றத்தில் இறங்கியிருந்தது. 1972-இன் எடை, அளவைச் சட்டம் ராத்தலையும் கட்டியையும் கிலோவுக்கு மாற்றத் தொடங்கியது. கொழுந்துக்கு ராத்தலுக்கு இத்தனை காசு என்று இருந்த விலையைக் கிலோவுக்கு மாற்ற வேண்டும்.

ஒரு கிலோ 2.2046 ராத்தல். வாய்க்கணக்கில் எல்லோரும் சொல்வது 2.2. பழைய விலையை 2.2-ஆல் பெருக்கிக் கிலோ விலை வைத்தால் என்ன ஆகும்? நாளுக்கு 25 கிலோ கிள்ளுகிற ஒருத்தி, 26 நாளில் சுமார் மூன்று ராத்தல் கொழுந்தைக் கூலியில்லாமல் கொடுத்திருப்பாள். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் நூறு பேருக்கு மாதம் முந்நூறு ராத்தல்.

கையால் கணக்குப் போட்ட காலத்தில் 2.2 என்று சுருக்கியதற்கு ஒரு சாக்கு இருந்தது. ஐந்து இலக்க எண்ணால் ஒவ்வொரு தடவையும் கையால் பெருக்க யாரால் முடியும்? கிராணியும் மனிதர்தானே. சாவி தட்டும் இயந்திரம் வந்தபின் 2.2 தட்டுவதற்கும் 2.2046 தட்டுவதற்கும் மூன்று விரல் தட்டல்தான் வித்தியாசம். அதற்குப் பிறகும் சுருக்கினால் அது கணக்கின் கஷ்டம் அல்ல, ஒருவர் எடுத்த முடிவு. இந்த இயந்திரம் தோட்டத்துக்குச் செய்த பெரிய உபகாரமாக நான் நினைப்பது இதைத்தான். இரவு வேலையைக் குறைத்தது இரண்டாவது.

செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். இயந்திரம் ஆபிசுக்குள் வந்தது, தராசடிக்கு வரவில்லை. தேயிலை விளையும் நாடுகளிலெல்லாம் சண்டை நடந்தது தராசடியில்தான்: கூடைக்கு எவ்வளவு கழிவு, மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கு எவ்வளவு கழிவு, அரை ராத்தலை எழுதுவதா விடுவதா. கங்காணி வாயால் சொன்ன எண் துண்டுச் சீட்டில் ஏறி, செக்ரோலில் ஏறி, கடைசியில் இயந்திரத்துக்குள் போகும். உள்ளே போன எண் சரியா என்று இயந்திரம் கேட்காது. காம்பெட்டின் 20 இலக்கமும் அந்த அரை ராத்தலை மீட்டுத் தராது.

இன்று கேமரன் மலையின் சரிவுகளில் இருவர் பிடித்து நடக்கும் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. பிடிப்பவர்கள் பெரும்பாலும் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில் கால்குலேட்டர் இருக்கிறது. தங்கள் கூலியைத் தாங்களே கூட்டிப் பார்க்கும் வசதி தோட்டத்து ஆளுக்கு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அதுவும் வேறு மொழிக்காரருக்கு.

பழைய தோட்டத்து ஆபிஸ்கள் இடிபடும்போது அலமாரியிலிருந்து கைச்சுற்று ஃபேசிட்டோ பச்சை எண் ஒளிரும் காசியோவோ வெளியே வருவது உண்டு. அவற்றுக்கு இன்று விலை சொல்ல ஆள் இருக்கிறார்கள்; கேமரன் மலையிலேயே டைம் டனல் போன்ற பழம்பொருள் காட்சியகம் இருக்கிறது. கூடவே கரையான் தின்ற செக்ரோல் புத்தகங்களும் வரும். அவைதான் பழைய காகிதக்காரனிடம் கிலோ கணக்கில் போகின்றன. உங்கள் வீட்டிலோ உங்கள் ஊர்த் தோட்டத்திலோ அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். உங்கள் பாட்டி எந்த நாளில் எத்தனை ராத்தல் கிள்ளினார், எவ்வளவு கழித்தார்கள் என்பது அந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறது. ஒரு கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு மாதத்தைக் கூட்டிப் பாருங்கள்.